காட்டில் பெரிய பொன்முதுகு மரங்கொத்தி: முதுகிலிருந்து தொடங்கி இனங்காண்பது எப்படி

டாப்ஸ்லிப், முதுமலை, முண்டந்துறை, தேக்கடி என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் எந்தக் காட்டுக்குப் போனாலும், பொன்னிற முதுகும் சிவப்புக் கொண்டையுமாக ஒரு மரங்கொத்தி அடிமரத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். "பொன்முதுகு மரங்கொத்தி" என்று குறித்துக்கொண்டு நகர்ந்துவிடலாம் என்று தோன்றும். அப்படி நகராதீர்கள். தமிழ்நாட்டில் பொன்முதுகுகள் நான்கு வகை. அதில் காட்டுக்கே உரிய பெரிய பொன்முதுகை மற்ற மூன்றிலிருந்து பிரித்தறிவதுதான் இந்த வழிகாட்டியின் வேலை.

முதலில் நால்வரையும் தெரிந்துகொள்வோம். ஊருக்குள் தென்னந்தோப்பிலும் வேப்பமரத்திலும் நாம் பார்ப்பது கரும்பிட்டப் பொன்முதுகு. ஆங்கிலத்தில் பிளாக்-ரம்ப்டு ஃப்ளேம்பேக் என்பார்கள். சென்னை, மதுரை போன்ற பெருநகரங்களின் பழைய மரங்களிலும் இது உண்டு. இரண்டாவது, நம் பறவையான பெரிய பொன்முதுகு. பழைய கையேடுகளில் இது கிரேட்டர் ஃப்ளேம்பேக் என்று இருக்கும். இப்போது மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ்வதைத் தனி இனமாகப் பிரித்து மலபார் ஃப்ளேம்பேக் என்கிறார்கள். அறிவியல் பெயர் கிரைசோகொலாப்டஸ் சோசியாலிஸ். கையேட்டில் ஒரு பெயரும் செயலியில் வேறு பெயரும் இருந்தால் குழம்ப வேண்டாம், இரண்டும் இதே பறவைதான். மூன்றாவது மூவிரல் பொன்முதுகு, அதாவது காமன் ஃப்ளேம்பேக். 'காமன்' என்ற பெயரைப் பார்த்து எங்கும் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. தமிழ்நாட்டில் இதுவும் மேற்கு மலைக்காட்டையும் அதன் ஓரங்களையும் ஒட்டி வாழ்வதுதான். நான்காவது வெண்பிடரிப் பொன்முதுகு. இலையுதிர் காடும் முள்காடும் கலந்த வறண்ட பகுதிகளில், அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தென்படும்.

சிக்கல் பெரும்பாலும் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில்தான். பெரிய பொன்முதுகும் மூவிரல் பொன்முதுகும் வெவ்வேறு பேரினங்கள், நெருங்கிய உறவும் கிடையாது. ஆனாலும் பொன் முதுகு, சிவப்புப் பிட்டம், ஆணுக்குச் சிவப்புக் கொண்டை, அடியில் கருப்பும் வெள்ளையுமான செதில் கோலம் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரே காட்டில், சில சமயம் ஒரே பாதையில், இரண்டையும் பார்க்கலாம். நிறத்தை மட்டும் நம்பினால் இந்த இரண்டும் கடைசிவரை பிரியாது.

ஊர்ப் பறவையில் பழகிவிட்டுக் காட்டுக்குப் போங்கள்

காட்டுக்குப் போகும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. வீட்டருகே உள்ள கரும்பிட்டப் பொன்முதுகைச் சில வாரங்கள் ஊன்றிப் பாருங்கள். மரத்தில் எப்படி இறங்குகிறது, எப்படி ஏறுகிறது, ஆபத்து என்றால் தண்டின் எந்தப் பக்கம் போகிறது, பறக்கும்போது எப்படி மேலெழுந்து தாழ்கிறது என்பதெல்லாம் காட்டுப் பறவைக்கும் பொருந்தும். கொண்டை, பிடரி, பிட்டம், மீசைக்கோடு, தொண்டை ஆகிய உடற்பகுதிகளைக் கண் தானாகத் தேடும் அளவுக்குப் பழக வேண்டும். இங்கே 'மீசைக்கோடு' என்பது அலகின் அடியிலிருந்து கன்னத்தின் கீழாகக் கழுத்தை நோக்கி ஓடும் கருப்புக் கோடு. கரும்பிட்டத்துக்கு அது கிடையாது. அதன் தொண்டை கருப்பு, அதில் பொடிப்பொடியாக வெள்ளை. பிட்டம் கருப்பு. தோள் அருகே இறக்கையில் வெள்ளைப் புள்ளிகள் தெளிவாகத் தெரியும். இந்த மூன்றும் மனதில் பதிந்துவிட்டால் காட்டில் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

குரலையும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். கரும்பிட்டம் பறக்கும்போது "கி-கி-கி-கிர்ர்ர்" என்று விரைவாகச் சிரிப்பதுபோல் கத்தும். வெண்மார்பு மீன்கொத்தியின் கத்தலும் கிட்டத்தட்ட இதே வார்ப்பு. புதியவர்கள் மீன்கொத்தியின் குரலைக் கேட்டு மரங்கொத்தியைத் தேடுவது அடிக்கடி நடக்கும். குரல் வந்த திசையில் பறவையைக் கண்ணால் பார்த்து உறுதிப்படுத்திய பிறகே அந்தக் குரலை மனதில் ஏற்றுங்கள்.

கருவி

பைனாகுலர் இல்லாமல் இந்தப் பறவையை உறுதியாகப் பிரிப்பது கடினம். காட்டுக்கு 8×42 ஏற்றது. 8 என்பது உருப்பெருக்கம், 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25 வரும்; கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. பையில் அடங்கும் 8×25-இல் இது 3 மில்லிமீட்டர்தான். வெளியில் வெயிலில் வேறுபாடு தெரியாது. பசுமைமாறாக் காட்டின் நிழலில், காலை ஏழு மணிக்கு, 8×25-இல் பிடரி வெள்ளையா கருப்பா என்பதே தெரியாமல் போகும். 10×42 கூடுதலாகப் பெரிதாக்கும், ஆனால் கை நடுக்கத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும். பார்வைப் பரப்பும் குறுகுவதால், தண்டைச் சுற்றி ஓடும் பறவையைப் பிடிப்பது புதியவருக்குச் சிரமம்.

வாங்கியவுடன் இரு கண்ணுக்கும் பொருத்திக்கொள்ளுங்கள். பலர் இதைச் செய்வதே இல்லை, பிறகு "கண்ணாடி மங்கல்" என்கிறார்கள். சுமார் 20 மீட்டர் தள்ளி இருக்கும் ஒரு மரப்பட்டையைப் பாருங்கள். வலக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்குப் பட்டையின் வெடிப்பு துல்லியமாகத் தெரியும்படி வையுங்கள். இப்போது இடக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் குழாயில் உள்ள வளையத்தை மட்டும் திருப்பி அதே வெடிப்பைத் துல்லியமாக்குங்கள். வளையம் நின்ற இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு நடுச்சக்கரம் மட்டுமே வேலை செய்யும்.

கேமரா இருந்தால் நல்லது, கட்டாயம் இல்லை. நிழலில் தண்டில் நிற்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/500 நொடிக்குக் குறையாமல் இருக்கட்டும். கொத்தும்போது தலை அசைவதால் அதற்குக் கீழே போனால் முகக்கோடுகள் கலங்கி ஒன்றாகிவிடும், நமக்கு வேண்டிய அடையாளமே போய்விடும். பின்னால் வெளுத்த வானம் இருந்தால் எக்ஸ்போஷரை +0.7 முதல் +1 வரை கூட்டுங்கள். இல்லாவிட்டால் பறவை கருநிழலாகத்தான் பதியும்.

இடமும் நேரமும்

பெரிய பொன்முதுகுக்குப் பெரிய மரங்கள் வேண்டும். ஈர இலையுதிர் காடு, பசுமைமாறாக் காட்டின் ஓரம், பழைய தேக்குத் தோட்டம், நிழல் மரங்கள் நிற்கும் காப்பித் தோட்டம் ஆகியவற்றில் தேடலாம். நடுவில் பட்டுப்போன மரங்கள் நிற்கின்ற காடு இன்னும் நல்லது: மரத்தைத் துளைக்கும் வண்டுப் புழுக்கள் அங்கேதான் அதிகம், பொந்து தோண்டவும் வசதி. பட்ட மரம் என்று அதை விறகுக்கு வெட்டிவிட்டால், மரங்கொத்தியோடு சேர்ந்து அதன் பழைய பொந்துகளை நம்பி வாழும் மற்ற உயிர்களும் இடம் இழக்கும். தோட்டம் வைத்திருப்பவர்கள் இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்தால் போதும், பெரிய உதவி.

ஜனவரி முதல் மார்ச் வரை மிக வசதியான காலம். இலையுதிர் காட்டில் இலை கொட்டித் தண்டுகள் வெறுமையாகத் தெரியும். இனப்பெருக்கக் காலமும் இதை ஒட்டியே வருவதால் குரலும் முரசடிப்பும் கூடும். இலவ மரமும் கல்யாண முருங்கையும் பூத்திருந்தால் அவற்றின் அருகே சற்று நின்று பாருங்கள். இந்த மரங்கொத்தி புழு, எறும்பு மட்டுமல்லாமல் பூந்தேனும் குடிக்கும். பூவில் இருக்கும்போது தண்டில் இருப்பதைவிட வெளிப்படையாக, அடிக்கடி முகத்தைக் காட்டிக்கொண்டு இருக்கும் என்பதால் அது நமக்குக் கிடைக்கும் அரிய வாய்ப்பு. தென்மேற்குப் பருவமழையில் போவது வீண் என்று சொல்ல மாட்டோம், ஆனால் அட்டைப்பூச்சி ஏறாமல் தடுக்கும் காலுறையும் மிகுந்த பொறுமையும் வேண்டும்.

நாளில் காலை ஆறரை முதல் ஒன்பதரை வரை முதல் தேர்வு, மாலை நான்குக்கு மேல் இரண்டாவது. புலிகள் காப்பகங்களில் வனத்துறையின் அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் பாதையை விட்டு இறங்கக் கூடாது. சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மரங்கொத்தி தேடுபவர் எப்போதும் அண்ணாந்தே பார்த்துக்கொண்டிருப்பார். மூங்கிலுக்குப் பின்னால் யானை நிற்பது அவர் கண்ணில் படாது. கூட்டாகப் போனால் ஒருவர் மேலே பார்க்க, ஒருவர் சுற்றிலும் பார்க்க என்று முறை வைத்துக்கொள்ளுங்கள்.

காதால் கண்டுபிடித்தல்

காட்டில் மரங்கொத்தி முதலில் காதுக்குத்தான் கிடைக்கும். வரும் ஒலிகள் மூன்று வகை. ஒழுங்கில்லாமல் "டொக்… டொக்-டொக்… டொக்" என்று வந்தால் இரை தேடுகிறது என்று பொருள். இந்த ஒலி கேட்டால் பறவை அந்த மரத்தில் சில நிமிடங்களாவது இருக்கும், அவசரப்படாமல் நெருங்கலாம். ஒரே மூச்சில் "டர்ர்ர்ர்" என்று உருண்டோடி வந்தால் அது முரசடிப்பு: எல்லையை அறிவிக்கவும் இணையை அழைக்கவும் வெற்றுக்கொம்பில் அடிப்பது. முரசடித்த இடத்தில் பறவை நிலையாக நிற்பதில்லை, ஆனால் அதே கொம்புக்குத் திரும்பி வரும் பழக்கம் உண்டு. மூன்றாவது குரல்.

பெரிய பொன்முதுகின் குரல் உலோகத் தன்மையுடன், கூர்மையாக, மிக நெருக்கமாக "கிட்-கிட்-கிட்-கிட்-கிட்" என்று ஒரே சுருதியில் ஓடும். முதன்முறை கேட்பவர் பெரிய சிள்வண்டு என்றே நினைப்பார். பறக்கும்போதும் தண்டில் இருந்தபடியும் இப்படிக் கத்தும். ஊர்ப் பறவையின் சிரிப்பில் இருக்கும் ஏற்ற இறக்கம் இதில் குறைவு. மூவிரலின் குரல் சற்று மென்மையானது. ஆனாலும் இந்த இரண்டையும் குரலை மட்டும் வைத்துப் பிரிப்பதைப் புதியவர் முயல வேண்டாம். மெர்லின் போன்ற செயலி ஒலியைக் கேட்டு ஒரு பெயரைக் காட்டினாலும் அதைத் துப்பாகக் கொள்ளுங்கள், தீர்ப்பாகக் கொள்ளாதீர்கள். சிள்வண்டு இரைச்சலும் ஓடையும் சேர்ந்த இடத்தில் செயலியும் தடுமாறும்.

இன்னொரு வழி, கலப்புக் கூட்டம். சிறு பறவைகள் பல ஒன்றாக இரை தேடிக்கொண்டு நகரும் கூட்டம் வந்தால், அதில் துடுப்புவால் கரிச்சான் இருக்கிறதா என்று பாருங்கள். மரங்கொத்தி பட்டையைத் தட்டும்போது கலைந்து பறக்கும் பூச்சிகளைப் பிடிக்க அது பின்னாலேயே வரும். கரிச்சானைப் பார்த்துவிட்டு அருகே உள்ள தடித்த தண்டுகளைத் துழாவினால் பொன்முதுகு கிடைக்க நல்ல வாய்ப்பு.

கண்டபின் நெருங்கும் முறை

மரங்கொத்தி நம்மைப் பார்த்துவிட்டால் முதலில் பறக்காது. தண்டின் மறுபக்கத்துக்குச் சுற்றிப் போகும். உடனே நாமும் சுற்றிப் போனால் அது இன்னும் சுற்றும், கடைசியில் பறந்துவிடும். நின்ற இடத்திலேயே அசையாமல் நில்லுங்கள். பறவை மறைந்த இடத்திலிருந்து ஒன்று, இரண்டு மீட்டர் மேலே பைனாகுலரைக் குறிவைத்துக் காத்திருங்கள். அது ஏறிக்கொண்டே இருக்கும் பறவை என்பதால் மறைந்த உயரத்தில் திரும்ப வெளிப்படுவது குறைவு. இருவர் இருந்தால் மரத்துக்கு ஏறக்குறைய செங்கோணமாகப் பிரிந்து நிற்பது நல்ல உத்தி. ஒருவருக்கு மறைந்தால் மற்றவருக்குத் தெரியும்.

பறந்துவிட்டால் மேலே கிளைகளில் தேடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பொன்முதுகு அடுத்த மரத்தில் தாழ்வாக, தண்டின் கீழ்ப்பாதியில் போய் ஒட்டி அங்கிருந்து மேலே ஏறும். எனவே பறந்த திசையில் உள்ள மரங்களின் கீழ்ப்பகுதியை முதலில் பாருங்கள்.

முதுகிலிருந்து முகத்துக்கு: பார்க்க வேண்டிய வரிசை

கையேடுகளின் படங்களில் பறவை பக்கவாட்டில் நின்று முகத்தைக் காட்டும். காட்டில் நமக்குக் கிடைப்பது தண்டில் ஒட்டிய முதுகு. அதனால்தான் முகத்தைத் தேடி நேரத்தைக் கழிக்காமல், முதலில் தெரிவதிலிருந்து தொடங்கச் சொல்கிறோம். பிட்டம், பிடரி, முகம், அலகு, கண், உச்சந்தலை, கால் என்ற வரிசை நடைமுறையில் நன்றாக ஒத்துவரும். பறவை பாதியில் பறந்துவிட்டாலும் கையில் ஏதாவது இருக்கும்.

பிட்டம் என்பது முதுகு முடிந்து வால் தொடங்கும் இடம். மடித்த இறக்கைகள் இதைப் பாதி மூடியிருக்கும். பறவை எம்பி ஏறும்போதோ பறக்கும்போதோ பளிச்சென்று தெரியும். கருப்பாக இருந்தால் அது கரும்பிட்டம் அல்லது வெண்பிடரி. சிவப்பாக இருந்தால் பெரிய பொன்முதுகு அல்லது மூவிரல். இந்த ஒரே பார்வையில் நால்வர் இருவராகிவிடுவார்கள்.

அடுத்தது பிடரி, கொண்டைக்குக் கீழே கழுத்தின் பின்பக்கம். பெரிய பொன்முதுகுக்கு இங்கே வெள்ளை. இருபுறமும் கண்ணிலிருந்து வரும் அகலக் கருப்புக் கோடுகள் அந்த வெள்ளைக்குக் கரை கட்டியிருக்கும். மூவிரலுக்கு இங்கே கருப்பு. கொண்டையின் சிவப்பு முடிந்ததும் கருப்பு தொடங்கி முதுகின் பொன்னிறம் வரை போகும். சிவப்புக்கும் பொன்னுக்கும் நடுவே வெள்ளை தெரிகிறதா, கருப்பு தெரிகிறதா? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தால் வேலை முக்கால்வாசி முடிந்தது. இருபது மீட்டருக்கு அப்பாலிருந்தும், முகம் தெரியாமலே, இதைப் பார்க்கலாம் என்பதால் இதைவிடப் பயனுள்ள அடையாளம் வேறில்லை என்பது எங்கள் கருத்து. ஒரு எச்சரிக்கை: சில பறவைகளில் அந்த வெள்ளைமேல் கருப்புப் புள்ளிகள் கலந்திருக்கும். கழுத்தை ஒடுக்கி வைத்திருக்கும்போது வெள்ளை முழுவதும் மறையலாம். தலையை முன்னே நீட்டும்வரை பொறுத்துப் பாருங்கள்.

வெண்பிடரிக்கும் பிடரி வெள்ளைதானே என்ற ஐயம் வரும். அதன் வெள்ளை பிடரியோடு நிற்காது. முக்கோணமாக மேல்முதுகு வரை இறங்கும், இரு தோளின் கருப்பும் அதற்கு இருபுறமும் ஓடும், பொன்னிறம் இறக்கைப் பகுதியில்தான் நிற்கும். பிட்டமும் கருப்பு. பெரிய பொன்முதுகின் வெள்ளையோ கழுத்தோடு முடிந்து, மேல்முதுகிலிருந்தே பொன்னிறம் தொடங்கிவிடும்.

பறவை பக்கவாட்டில் திரும்பினால் முகத்துக்குப் போங்கள். பெரிய பொன்முதுகுக்கு மீசைக்கோடு இரண்டு. அலகின் அடியிலிருந்து மெல்லிய இரு கருப்புக் கோடுகள் கிளம்பி, நடுவில் ஒரு நீள்வட்ட வெள்ளையை அடைத்துக்கொண்டு, பின்னால் ஒன்றுசேரும். மூவிரலுக்கு ஒரே கோடு. படிப்பதற்கு எளிதாக இருக்கிறது, களத்தில் அப்படி இல்லை. முப்பது மீட்டருக்கு அப்பால் இரு மெல்லிய கோடுகள் ஒரே தடித்த கோடாகத் தெரியும். எனவே "இரண்டு கோடுகள் தெரிந்தன" என்பது வலுவான சான்று. "ஒன்றுதான் தெரிந்தது" என்பது தொலைவில் சான்றே ஆகாது. அந்த நேரத்தில் பிடரிக்கும் அலகுக்கும் திரும்புங்கள். வெண்பிடரிக்கும் மீசைக்கோடு இரட்டைதான் என்பதால், கோட்டை மட்டும் பார்த்துப் பெயர் எழுதுவதும் ஆபத்து.

அலகை அளக்கத் தலையே அளவுகோல். அலகின் நீளத்தை மனதுக்குள் அப்படியே பின்னால் மடித்துத் தலைமேல் வைத்துப் பாருங்கள். பெரிய பொன்முதுகில் அது தலையின் நீளத்துக்குச் சமமாகவோ சற்று மிஞ்சியோ இருக்கும். நேராக, அடி தடித்து, நுனி உளிபோல் இருக்கும். மூவிரலில் தலையைவிடத் தெளிவாகக் குட்டை. இந்தக் கணக்குப் பறவை முழுப் பக்கவாட்டில் இருக்கும்போது மட்டுமே செல்லும். சற்றே நம்மை நோக்கியோ விலகியோ திரும்பியிருந்தால் நீள அலகும் குட்டையாகத் தோன்றும். உடலின் மொத்த அளவை நம்பாதீர்கள். பெரிய பொன்முதுகு சுமார் 30 செ.மீ.க்கு மேல், மூவிரல் 28 முதல் 30 செ.மீ.; தனியாக ஒரு பறவையைப் பார்த்து இந்த இரண்டு, மூன்று சென்டிமீட்டரை யாராலும் சொல்ல முடியாது.

கண் நல்ல அடையாளம். வளர்ந்த பெரிய பொன்முதுகின் கண் வெளிர் நிறம். கருப்புக் கண்பட்டையின் நடுவே வெளுத்த வளையமாகத் தெரியும், முகத்துக்கே ஒரு முறைப்பைத் தரும். மூவிரலின் கண் அடர்நிறம். கருப்புப் பட்டைக்குள் கரைந்துபோய் கண் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். ஆனால் இளம் பெரிய பொன்முதுகுக்கும் கண் அடர்நிறமாகவே இருக்கும். ஆகவே வெளிர்க் கண் தெரிந்தால் பெரியது என்று சொல்லலாம். அடர்கண் தெரிந்தால் அதனாலேயே மூவிரல் என்று முடிவு கட்டக் கூடாது.

உச்சந்தலை ஆணையும் பெண்ணையும் சொல்லும், பெண்ணாக இருந்தால் இனத்தையும் சேர்த்துச் சொல்லும். பெரிய பொன்முதுகின் பெண்ணுக்குக் கருப்புக் கொண்டையில் உருண்டையான வெள்ளைப் புள்ளிகள். மூவிரலின் பெண்ணுக்குக் கருப்பில் வெள்ளைக் கீற்றுகள். வெண்பிடரியின் பெண்ணுக்கு உச்சந்தலை மஞ்சள். கரும்பிட்டத்தின் பெண்ணுக்கு முன்தலை கருப்பில் புள்ளிகள், பின்கொண்டை மட்டும் சிவப்பு. இவை பெரும்பாலும் இணையாகத் திரிபவை என்பதால், ஆணைப் பார்த்துக் குழம்பினால் அருகே பெண் இருக்கிறதா என்று தேடுங்கள். சில நேரம் பெண்ணின் தலை ஐந்தே நொடியில் விடை சொல்லிவிடும்.

கடைசியாகக் கால். பெரிய பொன்முதுகுக்கு விரல் நான்கு, மூவிரலுக்குப் பெயரில் உள்ளபடி மூன்று. இதைப் பைனாகுலரில் எண்ணுவது அரிது. தண்டின் விளிம்பில் பறவை பக்கவாட்டில் நிற்கும்போது எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பல சமயம் எண்ணிவிடலாம். நான்கு எண்ண முடிந்தால் அது மூவிரல் இல்லை. மூன்று தெரிந்தால் நான்காவது பட்டைக்குப் பின்னால் மறைந்திருக்கலாம்.

எங்கே தவறுகிறோம்

முதல் காரணம் ஒளி. அடர்நிழலில் பொன்னிறம் ஆலிவ் பச்சையாகத் தெரியும். காட்டில் வாழும் பச்சை முதுகு மரங்கொத்திகளோடு அப்போது குழப்பம் வரும். மாலை வெயிலில் அதே முதுகு செம்பொன்னாக எரியும், "இது சிவப்பு முதுகுள்ள வேறு இனமோ" என்ற ஐயம் எழும். முதுகின் பொன்னிறத்தில் சிவப்புச் சாயல் கலந்திருப்பது இயல்புதான். கருப்பு, வெள்ளைக் கோலம் ஒளியால் மாறுவதில்லை, நிறச்சாயல் மாறும். முன்னதை நம்புங்கள்.

இரண்டாவது, இடத்தை வைத்து முடிவு செய்வது. "காட்டில் பார்த்தேன், அதனால் பெரியது" என்ற தர்க்கம் செல்லாது. காட்டு ஓரத்திலும் வன ஊழியர் குடியிருப்பைச் சுற்றியும் கரும்பிட்டம் வரும். முதுமலைபோல ஈரக்காடும் வறண்ட காடும் அடுத்தடுத்து இருக்கும் இடங்களில் நான்குக்குமே வாய்ப்பைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ஒரே அடையாளத்தில் நிறுத்திவிடுவது. குறைந்தது இரண்டு அடையாளம், அதுவும் உடலின் வெவ்வேறு பகுதியிலிருந்து, ஒத்துப்போக வேண்டும். சிவப்புப் பிட்டமும் வெள்ளைப் பிடரியும் சேர்ந்தால் போதும், பெரிய பொன்முதுகு என்று எழுதலாம். சிவப்புப் பிட்டமும் வெளிர்க் கண்ணும் சேர்ந்தாலும் போதும். சிவப்புப் பிட்டமும் "பெரிதாக இருந்தது" என்பதும் போதாது.

இலங்கைத் தமிழ் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வீட்டு வளவில் காண்பது பொன் முதுகுள்ள கரும்பிட்டம்தான். தெற்கே போகப் போக அதன் இடத்தில் சிவப்பு முதுகு மரங்கொத்தி வரும். இரண்டும் சந்திக்கும் பகுதியில் ஆரஞ்சுச் சாயலில் கலப்புப் பறவைகளும் உண்டு. இந்தச் சிவப்பு முதுகு, காட்டில் வாழும் பெரிய செம்முதுகு என்ற இரண்டும் இலங்கைக்கே உரியவை. அவற்றைப் பிரிக்கவும் அலகும் கண்ணும் உதவும்: பெரிய செம்முதுகுக்கு நீண்ட, தந்த நிற அலகும் வெளிர்க் கண்ணும், மற்றதற்குக் கருத்த, குட்டை அலகும் அடர்கண்ணும். வறண்ட தாழ்நிலக் காட்டில் வெண்பிடரியும் உண்டு.

கூட்டருகில்

மரத்தடியில் புதிய மரச்சிராய் குவிந்திருந்தால் மேலே பொந்து தோண்டுகிறது என்று கொள்ளலாம். அங்கே நிற்காதீர்கள். குறைந்தது முப்பது மீட்டர் விலகி, மறைவாக, சில நிமிடம் பார்த்துவிட்டு நகருங்கள். பறவை இரையோடு வந்து பொந்துக்குள் நுழையாமல் அருகே உள்ள மரத்தில் கத்திக்கொண்டே இருந்தால் நீங்கள் நிற்கும் தூரம் போதவில்லை என்று பொருள். குரல் பதிவை ஒலிபரப்பி வரவழைப்பதை இந்தப் பறவைக்குச் செய்யவே வேண்டாம். தன் எல்லைக்குள் வேறொன்று வந்துவிட்டது என்று இரையையும் குஞ்சையும் விட்டு அது தேடிக்கொண்டு வரும். பொந்தின் இடத்தைப் பொதுவெளியில் எழுதாதீர்கள். கூட்டைக் கலைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமும்கூட.

பதிவு

பறவை பறந்த உடனே, கையேட்டைத் திறக்கும் முன், பார்த்ததைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். படத்தைப் பார்த்தபின் எழுதினால், பார்க்காத மீசைக்கோட்டையும் பார்த்ததாக மனம் சேர்த்துவிடும். "7.10 மணி, தேக்கு, தரையிலிருந்து 4 மீட்டர், பிட்டம் சிவப்பு, பிடரி வெள்ளை, முகம் தெரியவில்லை, அலகு நீளம் சரியாகத் தெரியவில்லை, ஆண், குரல் இல்லை" என்று, தெரியாததையும் சேர்த்தே எழுதுங்கள். பறவைப் பதிவுகளைத் திரட்டும் இணையத்தளமான இ-பேர்டில் ஏற்றும்போது இதே வரியைக் கருத்துப் பெட்டியில் இட்டால், பின்னால் சரிபார்ப்பவர் கேட்பதற்கு ஒன்றும் இருக்காது. படம் இருந்தால் முகம் தெரியும் அழகான படத்தோடு, பிடரியும் பிட்டமும் தெரியும் மங்கலான படத்தையும் சேர்த்தே ஏற்றுங்கள். இனத்தை நிறுவுவது பெரும்பாலும் அந்த மங்கலான படம்தான். இரண்டு அடையாளம் கிடைக்கவில்லை என்றால், இனம் குறிப்பிடாத மரங்கொத்தி என்ற பிரிவில் இடுங்கள். பெரியதும் மூவிரலும் எந்தெந்தக் காட்டில் எவ்வளவு இருக்கின்றன என்பதை இந்தப் பதிவுகளிலிருந்துதான் பின்னால் கணக்கிடுவார்கள். ஊகமாக எழுதிய ஒரு பெயர் அந்தக் கணக்கில் பிழையாகவே தங்கிவிடும்.